“என்னடா இது, மதுரைக்கு வந்த சோதனை!” – யாருடைய சலிப்பு இது?

தெப்பக்குளத்தான்:
மாவு அரைக்கும் நேரம் பார்த்து மின்சாரம் நின்றாலும், மாட்டுத்தாவணியில் ஏறிய பேருந்து கிளம்பாமல் உறுமிக்கொண்டே நின்றாலும், நம் ஊரார் வாயில் உடனே வருவது இந்த வாசகம்தான். 1965இல் ஏ.பி.நாகராஜன் இயக்கி வெளிவந்த ‘திருவிளையாடல்’ படத்தில் ஹேமநாத பாகவதராக நடித்த டி.எஸ்.பாலையா சொன்னது அது. பாண்டியன் அவையில் தன்னோடு பாடி வெல்ல ஆளில்லை என்று செருக்கோடு வந்து நின்ற வெளியூர்க்காரனின் பேச்சை, மதுரைக்காரர்களாகிய நாமே ஆசையோடு சொல்லித் திரிவது எனக்கு உவப்பாக இல்லை. போதாக்குறைக்கு, எந்தச் சின்னச் சிக்கலுக்கும் இதையே தலைப்பாக்கி நம் ஊரைக் கேலிப்பொருளாக்குகிறார்கள்.

செல்லூர்க்காரி:
ஐயா, அந்தப் பாத்திரத்தின் செருக்கைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், சொன்னவனோடு சொல் நின்றுவிடவில்லையே. அந்தக் கதைக்கு மூலம் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 41ஆவதாக வரும் விறகு விற்ற படலம். அதில் ஊருக்கு வந்த சோதனையே ஏமநாதன்தான். சோதனையாக வந்தவனே ‘சோதனை’ என்று அலுத்துக்கொள்வதில்தான் பாலையாவின் நகைச்சுவை இருக்கிறது. அடி வாங்கியது அவன் செருக்கு, நம் ஊர் அல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். புராணம் முழுவதிலும் மதுரைக்குச் சோதனை வந்துகொண்டேதான் இருக்கிறது: ஏவிவிடப்பட்ட யானையும் நாகமும் மாயப்பசுவும் வந்து, இறைவனின் ஆடலால் மலைகளாகிக் கிடக்கின்றன என்று அது சொல்கிறது. ஆனைமலை, நாகமலை, பசுமலை மூன்றையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டு வாழ்கிற ஊர், ‘மதுரைக்கு வந்த சோதனை’ என்று சொல்வதற்கு வேறு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

தெப்பக்குளத்தான்:
பாலையாவைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். நான் அதை அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. ஆனாலும் வைகை பெருகி வந்ததும் மின்விசிறி நின்றுபோனதும் ஒரே சொல்லுக்குள் அடங்கினால், அந்தச் சொல்லுக்கு என்ன கனம் மிஞ்சும்?

ஆனைமலை அடிவாரம்:
இடையில் புகுவதற்குப் பொறுத்தருள வேண்டும். கனம் மிஞ்சாததுதான் இந்த வாசகத்தின் உயிர் என்பது என் கருத்து. ‘எனக்கு வந்த சோதனை’ என்று ஒருவர் சொன்னால் அது வெறும் புலம்பல். தன் ஒருவருக்கு நேர்ந்த அற்பத் தொல்லையைத் தூக்கி ஒரு தலைநகரத்தின் தலையில் வைக்கும்போதுதான் சிரிப்பு வருகிறது, சிரித்தவுடன் எரிச்சலும் பாதியாகிவிடுகிறது. கிரிக்கெட் அணி தோற்றால் அந்த அணியின் பெயரையும், வேறு ஊரில் மழை கொட்டினால் அந்த ஊரின் பெயரையும் மதுரை இருந்த இடத்தில் செருகிச் சொல்கிறார்கள். கேட்பவர் மனம் அப்போதும் மதுரையைத்தான் நினைத்துக்கொள்கிறது. அந்த ‘டா’வும் எதிரில் நிற்பவரை நோக்கியது அன்று. என் பாட்டி சொக்கநாதரை நோக்கித்தான் அதைச் சொல்வார். அவருக்கு அந்த உரிமை உண்டு என்றே வீட்டில் எல்லாரும் நினைத்தோம். தலைப்பு விஷயத்தில் மட்டும் தெப்பக்குளத்தார் பக்கம் நிற்கிறேன்: குடிநீர் வராமல் குடத்தோடு மக்கள் நிற்கும் செய்திக்கு இதைத் தலைப்பாக வைப்பது பொறுப்பற்ற செயல்.

செல்லூர்க்காரி:
அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், குடத்தோடு நிற்பவரே அதைச் சொன்னால்? ஆவணி மாதத்தில் புட்டுத்தோப்பில் புட்டுத் திருவிழாவுக்குக் கூட்டம் நெரியும்போது, முன்னால் நின்ற ஒரு முதியவர் கையிலிருந்த புட்டுப் பொட்டலம் மண்ணில் விழுந்தது. புட்டுக்காகச் சொக்கநாதரே மண் சுமந்து பிரம்படி பட்ட கதையைக் கொண்டாடும் இடத்தில் நின்றுகொண்டு, அவர் மண்ணையும் புட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இந்த வாசகத்தைத்தான் சொன்னார்.

தெப்பக்குளத்தான்:
அந்த முதியவருக்கு விலக்கு அளிக்கிறேன், அம்மா. தலைப்பு எழுதுகிறவர்களுக்கு அளிப்பதாக இல்லை.