ஆயாவின் கடுகுரோகிணிக் கஷாயம்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில் ஆயா ஒரு தகரப் பெட்டி நிறைய மருந்துச் சரக்கு வைத்திருந்தார். காய்ச்சல் விட்ட பிறகும் வாய்க்குச் சோறு பிடிக்காமல் கிடந்தால், அதிலிருந்து கடுகுரோகிணியை எடுப்பார். விரல் நீளம்கூட இல்லாத, சாம்பல் படிந்த பழுப்பு நிறத்துக் கிழங்கு. கையில் கனமே தெரியாது. ஒடித்தால் உள்ளே கன்னங்கரேலென்றிருக்கும். அந்தக் கருமையில் வெண்புள்ளிகள் வளையமாகத் தெரியும். அசல் சரக்குதான் என்று அந்த வளையத்தைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகே ஆயா துண்டை உரலில் போடுவார். சுக்குடன் கொதித்து இறங்கும் கஷாயம் கால் சங்கு அளவுதான். தொண்டையை விட்டுக் கசப்பு இறங்கக் கருப்பட்டித் துண்டு ஒன்று கிடைக்கும். மறுநாள் எனக்குப் பசி எடுத்ததை இன்றும் மறக்கவில்லை.

பின்னாளில் வேதியியல் படித்தபோது, அந்தக் கசப்பின் மூலக்கூறுக்குள்ளேயே சர்க்கரை இருக்கிறது என்று அறிந்து வியந்தேன். கேட்டல்பால் என்பது இரிடாய்டு கிளைகோசைடு என்னும் வகையைச் சேர்ந்த தாவரச் சேர்மம்; அதில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரை ஏற்கெனவே பிணைந்திருக்கிறது. அதனுடன் சின்னமிக் அமிலம் சேர்ந்தால் பிக்ரோசைடு 1, வனிலிக் அமிலம் சேர்ந்தால் பிக்ரோசைடு 2; இவ்விரண்டும்தான் கடுகுரோகிணியின் கசப்புப் பொருள்கள். ஒன்று இலவங்கப்பட்டை மணத்துக்கும் மற்றது வனிலாவுக்கும் உறவான அமிலம். ஆனால் சேர்ந்து நிற்கும்போது நாக்கு கசப்பை மட்டுமே அறிகிறது.

ஈரலைக் காக்கும் என்று இம்மருந்துக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை விலங்குகளிடம் நடந்தவை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என் அம்மானுக்குக் கண் மஞ்சளித்தபோது, யாரையும் கேட்காமல், அளவும் பார்க்காமல், ஒரு கைப்பிடிக் கிழங்கைக் காய்ச்சிக் குடித்துவிட்டார். மிகுந்தால் பேதியாகும் சரக்கு இது. இரவெல்லாம் வயிறு போய், விடியற்காலையில் மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. பித்தநாளத்தில் கல் அடைத்ததால் வந்த மஞ்சள் காமாலை அது என்று அங்கேதான் தெரிந்தது. பித்தநீர் சுரப்பைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் மருந்தை, பித்தநீர் போகும் வழியே அடைபட்டிருக்கும்போது குடித்தது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

இமயமலையில் 3000 மீட்டருக்கும் மேலே வளரும் இந்தச் செடியை, கிழங்குக்காக வேரோடு பிடுங்குவதால் காடுகளில் அது அருகி வருகிறது. 1997 முதல் அதன் பன்னாட்டு வணிகத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே, நாட்டு மருந்துக்கடையில் நான் பத்துக் கிராமுக்கு மேல் வாங்குவதில்லை. வாங்கும்போது ஒரு துண்டை அங்கேயே ஒடித்து, வெள்ளை வளையத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.