அப்பாவுக்கு இதய வால்வில் தொற்று: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. மைட்ரல் வால்வில் கசிவு இருப்பது பல வருடங்களாகவே தெரியும். இரண்டு மாதமாகச் சாயங்காலமானால் காய்ச்சல், இரவில் சட்டை நனையும் வியர்வை. முதலில் பார்த்த இடத்தில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாத்திரை முடிந்ததும் காய்ச்சல் திரும்ப வந்துவிட்டது. ஒரு நாள் நகம் வெட்டிவிடும்போது, நகத்தடியில் சிராய் ஏறினது போல மெல்லிய கருஞ்சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன். அதைக் காட்டிய பிறகுதான் இதய மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

மார்பின் மேல் வைத்து எடுத்த எக்கோ ஸ்கேனில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. உணவுக்குழாய் வழியாக எடுத்ததில் வால்வில் 8 மி.மீ. அளவுக்கு ஒரு கிருமித் திட்டு. ரத்த கல்ச்சரில் (ரத்தத்தை எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வளர்ந்திருக்கிறது. கல்ச்சர் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்தால் கிருமி பிடிபடாமலே போகலாமாம். வால்வுக் கோளாறு உள்ளவர்களுக்குக் காய்ச்சல் விடாமல் இருந்தால், தயவுசெய்து இந்த ரத்த கல்ச்சர் பரிசோதனையை முதலிலேயே கேளுங்கள்.

இப்போது நரம்பு வழியாக மருந்து போகிறது, மொத்தம் நான்கு வாரம். மூச்சுத் திணறலோ, பேச்சுக் குழறலோ, கைகால் மரத்துப்போவதோ வந்தால் உடனே சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். இரவெல்லாம் அவர் மூச்சையே கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கையில் பிக் லைன் (நரம்பு வழியாக மருந்து ஏற்ற வாரக்கணக்கில் வைத்திருக்கும் மெல்லிய குழாய்) போட்டு, மீதி மருந்தை வீட்டிலேயே முடித்தவர்கள் உண்டா? குழாய் போட்ட இடத்தை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்? அப்புறம், அப்பாவுக்குச் சொத்தைப் பல் ஒன்று இருக்கிறது. உங்கள் வீட்டில் பல்லை எப்போது எடுத்தார்கள், சிகிச்சை நடக்கும்போதா, முடிந்த பிறகா? மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தால்கூடப் போதும்.