பிள்ளைகளுக்கு எழுத வராதது கைபேசியாலா, நம்மாலா?

பாடவேளை:
எட்டாம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன். ‘நீ பயந்துபோன ஒரு நாள்’ பற்றி எழுதச் சொன்னேன். ஒரு பையன் “லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். ரொம்பப் பயம். பிறகு திறந்தது” என்று முடித்துவிட்டான். பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டால் இருட்டு, கதவிடுக்கில் தெரிந்த வெளிச்சக்கோடு, வெளியே அம்மா தட்டிய சத்தம் எல்லாம் கொட்டுகிறது! துண்டு துண்டாக மெசேஜ் அனுப்பியே பழகிய கை, நீளமாக எழுத மறுக்கிறது. குற்றவாளி கைபேசிதான்.

நூல்முனை:
டீச்சர், இதை நான் ஏத்துக்க மாட்டேன். நீங்க கேட்டீங்க, அவன் சொன்னான். விஷயமே அதுதான். குழந்தைங்க மொழி கத்துக்கிறதை ஆராயுற பாட்ரிசியா குல் குழுவோட 2003 ஆய்வுல, 9 மாதக் குழந்தைங்க நேர்ல விளையாடினவங்ககிட்ட மாண்டரின் (சீன மொழி) ஒலிகளைப் பிடிச்சுக்கிச்சு. வீடியோவுல பார்த்த குழந்தைங்களுக்கு ஏறல.

பாடவேளை:
அப்படியானால் திரை கற்றுத்தராது என்றுதானே ஆகிறது?

நூல்முனை:
அவசரப்படாதீங்க. 2014ல வந்த இன்னொரு ஆய்வுல, இரண்டு வயசுக் குழந்தைங்க வீடியோ அழைப்புல புது வினைச்சொற்களைக் கத்துக்கிச்சு. எதிர்ல இருந்தவர் குழந்தைக்குப் பதில் கொடுத்துப் பேசினார். பதிவு செஞ்ச வீடியோவுல அது நடக்கல. திரையா இல்லையாங்கிறதை விட, பதில் வருதாங்கிறதுதான் முக்கியம். வீட்ல “இன்னைக்கு என்ன நடந்துச்சு?”னு கேட்டுட்டு, “ஒண்ணுமில்ல”ன்னு பிள்ளை சொன்னதும் எழுந்து போயிடறோமே!

இரண்டு பிள்ளை அம்மா:
கடைசியில பழி வீட்டு மேலயேதானா? 1995ல ஹார்ட், ரிஸ்லின்னு ரெண்டு ஆய்வாளர்கள் 42 குடும்பங்களைப் பார்த்துட்டு, ஏழைக் குழந்தைங்க 3 கோடிச் சொல் குறைவா கேக்குறாங்கன்னு கணக்குப் போட்டாங்க. சுத்தி இருக்கிறவங்க பேசினதை அவங்க சரியா சேர்க்கலன்னு அப்புறம் எதிர்ப்பும் வந்துச்சு. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிஞ்சு வர்றவ நான். பள்ளிக்கூடத்தையும் கேளுங்க. என் பொண்ணு நோட்டு முழுக்கப் பலகையைப் பார்த்து எழுதின விடைதான், அவளோட வாக்கியம் ஒண்ணுகூட இல்ல. ஆனா கைபேசியில தோழியோட சேர்ந்து ஆளுக்கொரு பத்தியா பேய்க்கதை எழுதுறா.

பாடவேளை:
பலகையைப் பார்த்து எழுத வைப்பது எங்கள் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு மட்டும் போதாது, சார். 1988இல் ஹேய்ஸ், ஆரன்ஸ் என்ற ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தார்கள்: கல்லூரி படித்த பெரியவர்களின் பேச்சில் ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள், குழந்தைகள் புத்தகத்திலேயே சுமார் 31. அந்தச் சொற்கள் படித்தால்தான் வரும். படிக்கிற நேரத்தைத்தான் கைபேசி தின்கிறது.

நூல்முனை:
அந்தக் கணக்கு நியாயம். ஆனா அந்த லிஃப்ட் பையனுக்கு இருட்டும் வெளிச்சக்கோடும் சொல்லத் தெரிஞ்சுதே? சொல் இருந்துச்சு, கேக்க ஆள் இல்ல.

பாடவேளை:
சரி. நாளைக்கு அதையே திரும்ப எழுதச் சொல்கிறேன், முதலில் பக்கத்து பெஞ்சுக்காரனிடம் முழுக்கச் சொல்லிவிட்டு. ஆனால் தினமும் வாசிக்கிற அரைமணி நேரம் கைபேசி பைக்குள்தான். அதில் நான் மாறமாட்டேன்.