ஃபாக் லைட் பொருத்த வேண்டும், வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். போகிக்கு முன் காரில் கூடுதலாக இரண்டு மஞ்சள் ஃபாக் லைட் (பனிமூட்ட விளக்கு) பொருத்த நினைக்கிறேன். மார்கழி விடியலில் செங்கல்பட்டு பக்கம் போனால் ஹைபீம் வெளிச்சம் பனியில் பட்டு வெள்ளைச் சுவராக முகத்திலேயே திரும்பி அடிக்கிறது.

விளக்குகள் 12 வோல்ட், தலா 55 வாட் ஹாலஜன். இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் ரிலே (சிறிய மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) கட்டாயம். பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30ஆம் முனை, 87இலிருந்து விளக்குகள், 85 எர்த், இதுவரை தெளிவு. 86க்குப் போகும் சுவிட்ச் இணைப்பைப் பார்க்கிங் லைட் ஒயரிலிருந்து எடுக்கலாமா, இக்னிஷனிலிருந்து எடுப்பதா? ஒரு கடையில், "ஹெட்லைட் ஒயரைச் சீவி முறுக்கிவிட்டால் போதும் சார்" என்றார்கள். கேட்டதும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

பம்பரில் துளை போட மனமில்லை. கீழ் கிரில்லுக்குப் பின்னாலுள்ள இரும்புச் சட்டத்தில் பிராக்கெட் வைத்தவர்கள் இருக்கிறீர்களா? ரொம்பத் தாழ்வாக வைத்தால் வேளச்சேரி மழைநீரில் மூழ்கும். உயர்த்தினால் எதிரே வருபவருக்குக் கண் கூசும். ஒயரை டேஷ்போர்டுக்குள் எந்த ரப்பர் குரோமெட் (ஒயர் நுழையும் துளையில் இருக்கும் ரப்பர் வளையம்) வழியாகக் கொண்டுபோனீர்கள்? படம் இருந்தால் போடுங்கள். தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் பொறுமையாக வேலை செய்யும் கார் எலக்ட்ரீஷியன் இருந்தாலும் சொல்லுங்கள்.