சயனைடு மேட்டை அள்ளுவதற்கு முன் நாம் கேட்க வேண்டியது

கோலார் தங்கவயல் ஊர்க்குழுவில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

ஜெர்மனியில் டார்ட்மண்டில் இருக்கும் நம்ம தம்பி போன வாரம் அனுப்பிய, பழைய இரும்பாலை இருந்த இடத்தில் உண்டான ஏரியின் படத்துக்குப் பலர் பதில் போட்டிருந்தீர்கள். நான் அப்போது எழுதவில்லை, ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப்பம் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் எழுதத் தோன்றியது.

நான் போன அன்று காற்று. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பன்னிரண்டு மணிக்கு மேல் சயனைடு மேட்டின் உச்சியில் வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்பும், கொஞ்ச நேரத்தில் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டுத் தகரக் கூரை, கொடியில் காயும் துணி, குடத்து மூடி எல்லாவற்றிலும் படிந்துவிடும். அம்மா இன்னமும் வாசலில் பழைய புடவையை நனைத்துத்தான் தொங்கவிடுகிறார். சோற்றுப் பானையை மூடியிருந்த தட்டில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், கோலமாவைவிட நைஸாக இருந்தது. அது சும்மா மண் இல்லை. கல்லை மில்லில் போட்டு அவ்வளவு பொடியாக அரைத்தால்தான் தங்கம் பிரியும், தங்கம் போன பிறகு மிச்சமாகக் கொட்டிய வெண்கல் (குவார்ட்ஸ்) பொடி அது. தங்கத்தைப் பிரிக்கப் போட்ட சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளாக நாளாகச் சிதைந்துபோகும். ஆனால் இந்தப் பொடி எங்கேயும் போகாது, நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் இறங்கினார், கடைசியில் மூச்சு வாங்கியே போனார். சீட்டில் கல் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் காசநோய் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூன் மாதம் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அரசு சம்மதம் சொன்னது எல்லோருக்கும் தெரியும். 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 3.3 கோடி டன் பொடி, அதை ஏலம் விட்டு மறுபடி தங்கம் எடுக்கலாம் என்பது திட்டம். ஒரு டன்னில் ஒரு கிராம்கூட இருக்காது, ஆனாலும் இன்றைய தங்க விலைக்கு அது கட்டுப்படியாகும். நம்ம குழுவில் பலர் "வேலை திரும்பி வருகிறது" என்று சந்தோஷப்பட்டீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடிச் சங்கு நின்றதிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் ரயில் பிடித்து பெங்களூர் வந்து ராத்திரி வீடு திரும்புகிறார்கள். பெங்களூருக்கு 1905-ல் வந்த கரண்ட் நமக்கு 1902-லேயே வந்தது என்று பேசுகிற ஊர்ப் பிள்ளைகள் இன்று வேலைக்கு நூறு கிலோமீட்டர் நின்றுகொண்டே வருகிறார்கள்.

ஆனால் மேட்டை எப்படி அள்ளப் போகிறார்கள்? இத்தனை வருஷ மழையிலும் வெயிலிலும் மேலே ஒரு ஓடு மாதிரி இறுகியிருக்கிறது, அங்கங்கே முள்ளும் புல்லும் பிடித்திருக்கிறது. அந்த ஓட்டை உடைத்து லாரியில் அள்ளினால் இப்போது பறக்கிற தூசி ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடும். அப்புறம் தங்கம் எடுத்தபின் அந்த 3.3 கோடி டன்னும் காணாமல் போகாது, ஈரச் சேறாக வேறு எங்கேயோ கொட்டப்படும், அதிலும் புதுச் சயனைடு இருக்கும். எங்கே கொட்டுவார்கள், அடியில் தண்ணீர் இறங்காமல் என்ன விரிப்பார்கள்? மேட்டுச் சரிவில் மழை அறுத்த வாய்க்கால்களை நாம் எல்லோரும் சறுக்கி விளையாடியிருக்கிறோம், அந்தத் தண்ணீர் ஓடைகளில் இறங்கிக் கடைசியில் பாலாற்றுப் படுகையில்தான் சேர்கிறது.

பாலாறு என்றதும் தமிழ்நாட்டுக்காரர்கள் வேலூரை நினைப்பார்கள். நந்தி மலைப் பக்கம் பிறந்து நம்ம கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, அப்புறம்தான் தமிழ்நாட்டில் 222. பேத்தமங்கலம் ஏரித் தண்ணீரைக் குடித்துத்தான் நாம் வளர்ந்தோம், அது பாலாற்று ஏரி. என் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர், உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் அதே கதை. கீழ்ப்பாலாற்றில் விளைச்சல் பொய்த்த ஜனங்கள் மேல்பாலாற்றுக்கு வந்து 120 வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்துக் கொடுத்தார்கள். கீழே நம்ம சொந்தக்காரர்கள் ஊரில் தோல் தொழிற்சாலைத் தண்ணீர் கிணறுகளைக் கெடுத்ததும், 1996-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில்தான் கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதும் உங்களுக்கு நினைவிருக்கும். அதே ஆற்றுப் படுகையில் இருக்கும் நமக்கும் அந்தத் தீர்ப்பு பொருந்தும்தானே?

தம்பி அனுப்பிய ஏரி இருந்த இடத்தில் முன்பு இரும்பாலை. 2001-ல் மூடி, பிரித்து, கப்பலில் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பள்ளத்தில் 2010-ல் தண்ணீர் விட்டார்கள். பக்கத்தில் ஓடுகிற எம்ஷர் ஆறு நூறு வருஷம் திறந்த சாக்கடையாக இருந்தது. அடியில் நிலக்கரி எடுத்ததால் நிலம் இறங்கிக்கொண்டே இருந்தது, குழாய் பதித்தால் உடையும் என்று ஆற்றையே காங்கிரீட் வாய்க்காலாக்கி அதில் கழிவை விட்டார்கள். சுரங்கம் ஓய்ந்து நிலம் நின்றபிறகு 1992-ல் முடிவெடுத்து, 51 கிலோமீட்டருக்குப் பெரிய குழாயைப் பூமிக்குள் பதித்து, 2021 கடைசியில் ஆற்றில் சாக்கடை விழுவதை நிறுத்தினார்கள். முப்பது வருஷம், சுமார் 550 கோடி யூரோ. ஏரிக்கரை வீடுகளைப் பழைய இரும்பாலைத் தொழிலாளி வாங்க முடியாது என்று தம்பியே எழுதியிருந்தான், அதையும் கவனிக்க வேண்டும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஏரி இல்லை, வேறொன்று. அங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடியது 2018 டிசம்பரில். சுரங்கத் தண்ணீரை இனி என்றென்றைக்கும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக அறக்கட்டளை வைத்துப் பணம் ஒதுக்கியது 2007-ல், அதாவது மூடுவதற்குப் பதினோரு வருஷம் முன்னால்! நம்ம ஊரில் பம்பை நிறுத்தினார்கள், மூன்று கிலோமீட்டர் ஆழக் குழிக்குள் தண்ணீர் ஏறியது, அவ்வளவுதான்.

அதனால் இந்த மேடுகளைப் பற்றி நம்ம சங்கம் அனுப்பப் போகும் மனுவில் வேலை கொடு என்பது மட்டும் போதாது. மேட்டில் முதல் மண்வெட்டி விழுவதற்கு முன் மூடும் செலவுக்கான பணம் வைப்பில் இருக்க வேண்டும். சுரங்கம் மூடும் திட்டமும் உத்தரவாதத் தொகையும் நம்ம நாட்டுச் சட்டத்திலேயே இருப்பவைதான், புதிதாக எதையும் கேட்கவில்லை. ஜோகன்னஸ்பர்க் பக்கம் பழைய தங்க மேடுகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துக் குழாயில் கொண்டுபோகிறார்கள், அதில் தூசி குறைவு. அங்கே வேலை பார்த்தவர்கள் இந்தக் குழுவில் இருந்தால் தயவுசெய்து விவரமாக எழுதுங்கள். தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். பேத்தமங்கலத்தில் கை வைக்க விடக்கூடாது. பெங்களூரில் நாம் கழுவி ஊற்றுகிற தண்ணீர் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கிலிருந்து சுத்திகரித்து 2018 முதல் கோலார் ஏரிகளுக்கு வருகிறது. ஏரி நிரம்பியது, கிணறுகளில் ஊற்றும் ஏறியது. ஆனால் வந்த அடுத்த மாதமே லட்சுமிசாகர ஏரியில் நுரை பொங்கி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இன்னொரு கட்டம் சுத்திகரிக்காமல் ஏரியில் விடாதே என்று விவசாயிகள் இன்னமும் கேட்கிறார்கள், அது நியாயம். மேட்டைக் கரைக்கும் வேலைக்கு அந்தத் தண்ணீரைத் திருப்பினால் என்ன என்பது என் யோசனை, தப்பென்றால் விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

அள்ளி முடிந்த ஆயிரம் ஏக்கர் யாருக்கு என்பதையும் இப்போதே எழுத்தில் கேட்டுவிட வேண்டும். லைன் வீட்டில் இருப்பவர்களைக் காலிசெய்துவிட்டு அங்கே வில்லா கட்டினால் நமக்கு என்ன கிடைத்தது?

மனுவின் முதல் வரைவை நான் எழுதுகிறேன். உங்களிடம் பழைய சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, காற்று நாளில் எடுத்த போட்டோ எது இருந்தாலும் ஸ்கேன் செய்து எனக்குத் தனி மடலில் அனுப்புங்கள், குழுவில் போட வேண்டாம். அப்பாவின் மார்பு எக்ஸ்ரே அம்மாவின் டிரங்குப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருந்தது. கொண்டு வந்திருக்கிறேன், அதைத்தான் முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன்.

அன்புடன்,
மாரிக்குப்பம் லைன், இப்போது விவேக் நகர், பெங்களூர்