கல்லோடு வந்த அழையா விருந்தாளிகள்: யாரை வெளியேற்றுவது?

உவர்நீர்:
வணக்கம். என் ரீஃப் டேங்கில் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) லைவ் ராக் (உயிர்கள் குடியிருக்கும் கடற்கல்) போட்டு, சைக்கிள் (கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைபெறும் காலம்) முடிந்து, க்ளவுன் மீன் ஒரு ஜோடி, டர்போ நத்தைகள், கொஞ்சம் ஸோவாந்தஸ் (பூப்போலக் கூட்டமாக வளரும் பவள உறவு) எல்லாம் விட்டாயிற்று. இப்போதுதான் கல்லுக்குள் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலைகாட்டுகிறார்கள். விளக்கு அணைந்ததும் இடுக்கிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு புழு நீண்டு வருகிறது. சுண்டுவிரல் நீளம், இருபுறமும் வெள்ளை முடிக்கற்றைகள். பார்த்தாலே உடம்பு கூசுகிறது. அப்புறம் ராத்திரியில் யாரோ கண்ணாடியைச் சுண்டுவதுபோல 'டக், டக்' என்று சத்தம். கண்ணாடியில் பொடிப்பொடியாக வெள்ளை நட்சத்திரங்கள், பாதிக்குக் கால்கள் குறைவு. ஒரே நல்ல செய்தி, ஒரு கல்லில் குட்டிக் கடற்சாமந்தி தானாக முளைத்திருக்கிறது. பழுப்பு நிறம், நீளத் தண்டு, நுனி கூரான மெல்லிய விரல்கள். தொடப்போனால் சட்டென்று துளைக்குள் போய்விடுகிறது. க்ளவுன் அதில் குடியேறுமா? புழுவை எப்படிப் பிடிப்பது?

பழைய கல்:
வரிசையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். புழு இருந்துவிட்டுப் போகட்டும், அந்தக் 'குட்டிக் கடற்சாமந்தி'தான் உங்கள் எதிரி. நீங்கள் சொல்லும் அடையாளமெல்லாம் ஐப்டாசியா என்ற தொல்லைக் கடற்சாமந்திக்கு அப்படியே பொருந்துகிறது. க்ளவுன் அதைச் சீண்டாது. ஆனால் அது பக்கத்திலிருக்கும் பவளங்களைக் கொட்டும். தயவுசெய்து கிள்ளவோ சுரண்டவோ வேண்டாம். அடிப்பாகத்தில் துணுக்கு மிஞ்சினாலும் அதிலிருந்து புதிதாக ஒன்று வளரும். பம்பை நிறுத்திவிட்டு, கால்சியம் ஹைட்ராக்சைடைக் கெட்டியான பசையாகக் கரைத்து, சிரிஞ்சால் அதன் வாய்மேல் மெதுவாக விடுங்கள். அது விரித்திருக்கும்போதே மூட வேண்டும், சுருங்கிவிட்டால் விட்டுவிட்டு அப்புறம் வாருங்கள். நிறைய இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் தாக்காதீர்கள், தண்ணீரின் பிஎச் (காரத்தன்மை) ஏறிவிடும்.

பெப்பர்மின்ட் இறாலும் சிறியவற்றைத் தின்னும், ஆனால் எல்லா இறாலும் தின்னும் என்று உறுதி கிடையாது. வாங்கும்போது கவனம்: முதுகு கூனி, வெள்ளைக் கோடுகளோடு இருக்கும் கேமல் இறாலை அந்தப் பெயரில் தந்துவிடுவார்கள். அது உங்கள் ஸோவாந்தஸையே மேயும்.

புழு சாதாரண பிரிஸ்டில் வகை. மிச்சத் தீனியைத் தின்று கல்லிடுக்கைச் சுத்தம் செய்யும். கூட்டம் பெருகினால் தீனியைக் குறையுங்கள். வெறுங்கையால் மட்டும் தொடாதீர்கள், முடி தோலில் ஏறினால் எரியும்.

நட்சத்திரம் ஆஸ்டெரினா. அது இரண்டாகப் பிரிந்து பெருகுவதால்தான் கால் குறைவு. பெரும்பாலும் பாசிதான் சாப்பாடு. ஸோவாந்தஸ் மேலேயே உட்கார்ந்திருந்தால் எடுத்துப் போடுங்கள்.

இரவுக்காவல்:
சத்தத்துக்கு இரண்டு பேர்மேல் சந்தேகம்: பிஸ்டல் இறால், மான்டிஸ் இறால். நத்தை ஓடு உடைந்து கிடக்கிறதா, மீன் காணாமல் போகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் மான்டிஸ். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சில் சிவப்புக் காகிதம் கட்டிப் பாருங்கள், அந்த வெளிச்சத்துக்கு அவை அவ்வளவாக ஓடாது. காம்பு வைத்த கண்கள் தனித்தனியே சுழன்றால் கல்லையே வெளியே எடுக்க வேண்டிவரும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவில் இருந்தால் பிஸ்டல்.

நண்டு ஏதாவது கண்ணில் பட்டதா? உடம்பெல்லாம் முடி, கொடுக்கு நுனி கறுத்துக் கூராக இருந்தால் சம்புக்கு (தனியாக இருக்கும் வடிகட்டித் தொட்டி) அனுப்பிவிடுங்கள். கரண்டிபோல் மழுங்கியிருந்தால் பெரும்பாலும் பாசி மேய்பவர்.

உவர்நீர்:
நண்டு இல்லை. நத்தைகள் முழுசாக இருக்கின்றன. சிவப்பு டார்ச்சில் ஆசாமி மாட்டினார்: பெரிய கல்லுக்கு அடியில் மணலைத் தள்ளிக்கொண்டிருந்தார், வலக்கொடுக்கு மட்டும் பூதாகாரம். சாமந்திக்குப் பசை விட்டேன், சுருண்டு வெளுத்துவிட்டது. ஆனால் அதே கல்லின் பின்பக்கம் இன்னும் மூன்று தெரிகிறது. ஐப்டாசியாவைத் தின்னும் பெர்கியா கடல்நத்தை விடலாமா?

பழைய கல்:
விடலாம், அதற்கு ஐப்டாசியா தவிர வேறு தீனியே கிடையாது. ஆனால் தின்று தீர்த்ததும் பட்டினியில் செத்துப்போகும். மூன்றுதானே, சிரிஞ்சே போதும். பெர்கியா விட்டால் பெப்பர்மின்ட் இறாலை விடாதீர்கள், அது பெர்கியாவைத் தின்றுவிடலாம். பிஸ்டல் அங்கேயே இருக்கட்டும். அவர் மணலைத் தோண்டுபவர் என்பதால் கற்கள் மணல்மேல் இல்லாமல் தொட்டியின் தரைமேல் நேராக நிற்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.