எர்லி டிசிஷன் போட்டால் எய்டு கடிதம் எப்போது வரும்?

எடிசன் அப்பா:
மகள் நவம்பர் 1-க்குள் அமெரிக்காவில் ஒரு தனியார் கல்லூரிக்கு எர்லி டிசிஷன் போடுகிறேன் என்கிறாள். இடம் கிடைத்தால் அங்கேதான் சேர்வோம் என்று அவள், நான், பள்ளி கவுன்சலர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். சீட்டு விவரம் டிசம்பர் நடுவில் தெரிந்துவிடும். கல்லூரி தரும் எய்டு (நிதியுதவி) எவ்வளவு, நாங்கள் கட்ட வேண்டிய பணம் எவ்வளவு என்று சொல்லும் கடிதம் எப்போது வரும்? மார்ச் ஆகும் என்று ஒரு நண்பர் பயமுறுத்துகிறார்.

கணக்குப்பிள்ளை:
அவர் இரண்டு வகை முன்கூட்டிய விண்ணப்பத்தையும் போட்டுக் குழப்புகிறார். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாத எர்லி ஆக்‌ஷனில்தான் அப்படி இழுக்கும். பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் சீட்டு ஜனவரியில் வந்தாலும் எய்டு பிப்ரவரி, மார்ச் ஆகும். எர்லி டிசிஷனில் சி.எஸ்.எஸ். புரொஃபைலை (எய்டுக்காகக் கல்லூரிகள் கேட்கும் குடும்ப வரவு, சொத்து விவரப் படிவம்) கெடுவுக்குள் கொடுத்திருந்தால், சேர்க்கை முடிவோடோ சில நாட்களிலோ கடிதம் வந்துவிடும். இடத்தை உறுதிசெய்ய ஜனவரியில் டெபாசிட் கேட்பவர்கள் தொகையைச் சொல்லாமல் கேட்க முடியுமா? 2023-ல் ஃபாஃப்ஸா, அதாவது அரசு எய்டுக்கான விண்ணப்பம், டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. அந்த வருடம்கூடப் பல கல்லூரிகள் புரொஃபைலை வைத்தே உத்தேசத் தொகை சொல்லிவிட்டன. தைரியமாகப் போடுங்கள்.

மினியாபொலிஸ் மீனா:
'கொடுத்திருந்தால்' என்றீர்களே, அங்கேதான் இடிக்கிறது. போன வருடம் பையனுக்கு டிசம்பரில் சீட்டு வந்தது. போர்ட்டலில் வண்ணக் காகிதம் பறந்தது, நான் கேசரி கிண்டப் போய்விட்டேன். ராத்திரி எய்டு பக்கத்தைத் திறந்தால் ஒரே வரி: ஆவணம் நிலுவை. என் வீட்டுக்காரர் கம்பெனி மாறிய வருடத்தின் கணக்கு அது. இரண்டு டபிள்யூ-2 (கம்பெனி தரும் வருடச் சம்பளப் படிவம்) இருந்திருக்கிறது, ஏற்றியது ஒன்றுதான். மறுநாளே அனுப்பினேன், அதற்குள் அலுவலகம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மூடிவிட்டது. கடிதம் வந்தது ஜனவரி 9. டெபாசிட் கெடு ஜனவரி 10. மற்ற கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் தேதி ஜனவரி முதல் வாரத்தோடு போயே போச்சு.

கணக்குப்பிள்ளை:
கோபித்துக்கொள்ளாதீர்கள் மேடம், அது கல்லூரியின் தப்பில்லையே.

மினியாபொலிஸ் மீனா:
தப்பு என்னுடையதுதான் சார். ஆனால் கடிதம் நேரத்துக்கு வந்திருந்தாலும் கையில் இருப்பது ஒரே ஒரு கடிதம். எதோடு ஒப்பிடுவது? மற்றவர்கள் ஏப்ரலில் நாலு கடிதத்தை மேசையில் பரப்பி, 'அங்கே இவ்வளவு தருகிறார்களே' என்று கேட்டுப் பார்க்கலாம். அப்புறம், எங்கள் கடிதத்தில் உதவித்தொகை என்று கூட்டிக் காட்டியதில் 5,500 டாலர் மாணவர் கடன். கடனை உதவி என்று எழுத எப்படித்தான் மனசு வருகிறதோ!

கணக்குப்பிள்ளை:
எய்டு போதவில்லை என்றால் விலகிக்கொள்ள காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பத் தளம்) ஒப்பந்தத்திலேயே இடம் இருக்கிறது. தவிர, 2011-லிருந்து, எய்டு போக நாம் கட்ட வேண்டியதை உத்தேசமாகக் காட்டும் நெட் பிரைஸ் கால்குலேட்டரைக் கல்லூரிகள் தளத்தில் வைத்தாக வேண்டும், அது சட்டம். நவம்பருக்கு முன்பே தட்டிப் பார்த்தால் டிசம்பர் கடிதம் பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

மினியாபொலிஸ் மீனா:
மாதச் சம்பளம் மட்டும் வாங்குகிற வீட்டுக்குச் சரி. எங்களுக்கு வாடகைக்கு விட்ட வீடு ஒன்று இருக்கிறது. கால்குலேட்டர் சொன்னதற்கும் கடிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. விலகலாம்தான். ஜனவரி 9-ம் தேதி விலகி எங்கே போவது?

டாலஸ் ஹெச்4 அப்பா:
குறுக்கே ஒரு வார்த்தை. எங்களைப் போல தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு ஃபெடரல் (மத்திய அரசு) எய்டே கிடையாது. பல கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் கணக்கில்தான் வைக்கும். கடிதம் எப்போது வரும் என்பதைவிட வருமா என்பதை முதலில் கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அது நியாயம். மீனா மேடம் சொன்ன ஜனவரி விஷயத்தையும் ஒப்புக்கொள்கிறேன். மற்ற கல்லூரி விண்ணப்பங்களை டிசம்பர் முடிவு வருவதற்குள் எழுதித் தயாராக வைத்துக்கொள்ளட்டும். எய்டு வரத் தாமதமானால் அனுப்பிவிடலாமா என்று கல்லூரியையே கேட்கலாம். ஆனாலும் எர்லி டிசிஷனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

எடிசன் அப்பா:
எங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. புரொஃபைலில் கேட்பது போன வருடத்து வரிக்கணக்கு. அந்த வருடம் ஜூனில் நானும் கம்பெனி மாறினேன். பழைய டபிள்யூ-2 எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, தேடிவிட்டு வருகிறேன்.